எனக்காகக் கேட்க ஒரு நாய்

என் மகளுக்கு எட்டு மாதம் முடிந்த வாரத்தில் எனக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. பன்னிரண்டு நாள் மருத்துவமனையில் கிடந்தேன். நினைவு திரும்பிய அன்று என் கணவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று வாயை அசைத்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்து, "கொஞ்சம் சத்தமாப் பேசுங்க" என்றேன். நான் சொன்னதும் எனக்குக் கேட்கவில்லை. அவர் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் கோளாறு என்னிடம் என்று தெரிந்தது.

இரண்டு காதுகளும் முழுதாகப் போய்விட்டன. உள்காதில் எலும்பு வளர்ந்து அடைத்துவிட்டதாகவும், அறுவை சிகிச்சை செய்து கருவி பொருத்தினாலும் கேட்கும் என்று உறுதி சொல்ல முடியாதென்றும் மருத்துவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். காதோடு சேர்ந்து உடம்பின் நிதானமும் போயிருந்தது. கண்ணை மூடினால் தரை சாயும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது ஒரு கையால் சுவரைத் தொட்டுக்கொண்டே நடப்பேன்.

நாங்கள் பருத்திப்பட்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருந்தோம். இருவருக்கும் ஊர் கோவில்பட்டிப் பக்கம். என் அம்மாவும் மாமியாரும் உயிரோடு இல்லை. கணவருக்கு ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. காலை ஏழு மணிக்குள் வாசலைத் தாண்டி உள்ளே போய்விட வேண்டும். கைபேசியை வெளியிலேயே ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். மாலை அவர் வெளியே வரும்வரை வீட்டில் எது நடந்தாலும் அவருக்குத் தெரியாது. நான் அம்பத்தூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டராக இருந்தவள். மற்றவர்கள் எழுதிய புரோகிராம் எங்கே உடையும் என்று உடைத்துப் பார்ப்பது என் வேலை. நீட்டி வாங்கிய பிரசவ விடுப்பு முடிந்து திரும்ப வேண்டிய நேரத்தில் காய்ச்சல் வந்தது. அதன்பின் போகவில்லை.

மருத்துவமனையிலிருந்து வந்த மூன்றாவது வாரம் அது நடந்தது. குழந்தையைக் கூடத்தில் பாயில் தூங்கவைத்துவிட்டுச் சமையலறையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பது என்று வைத்திருந்தேன். அன்று குக்கரில் அடிப்பிடித்ததைச் சுரண்டுவதில் நேரம் போய்விட்டது. திடீரென்று ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே ஒரு கை உள்ளே வந்து ஆடியது. அந்த ஜன்னல் மாடியின் பொது நடைபாதையைப் பார்த்திருக்கும். வெளியே எதிர் வீட்டுப் பெண் நின்றுகொண்டிருந்தாள். அவள் வாய் அகலமாகத் திறந்து திறந்து மூடியது. கை கூடத்தைக் காட்டியது.

ஓடினேன். குழந்தை பால்கனிக் கதவருகே கிடந்தாள். காற்றில் சாத்திக்கொண்ட கதவின் கீல் இடுக்கில் அவளுடைய இரண்டு விரல்கள் மாட்டியிருந்தன. அழுது அழுது முகம் கறுத்து, வாய் திறந்தபடியே நின்றுபோயிருந்தது. கதவைத் திறந்து விரல்களை எடுத்தேன். ஒரு நகம் பிய்ந்து தொங்கியது. அவள் என் தோளில் முகத்தைத் தேய்த்தாள். அவள் மார்பு விம்முவது என் மார்பில் தெரிந்தது. சத்தம் மட்டும் இல்லை.

விரல் ஒடியவில்லை, மருத்துவமனையில் கட்டுப் போட்டார்கள். வீட்டுக்குத் திரும்பியதும் எதிர் வீட்டுப் பெண் தன் போனில் எழுதிக் காட்டினாள். "பத்து நிமிஷமாக் கதவைத் தட்டினேன்க்கா. பெல் அடிச்சேன். அப்புறம்தான் ஜன்னல் ஞாபகம் வந்துச்சு." அவளுக்கும் அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. பச்சை உடம்போடு அவள் பத்து நிமிடம் என் கதவைத் தட்டியிருக்கிறாள். அந்தப் பத்து நிமிடமும் நான் குக்கரைச் சுரண்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதன்பின் குழந்தையைக் கண்பார்வையிலிருந்து விடவே பயமாக இருந்தது. குளிக்கும்போது கதவைத் திறந்துவைத்து அவளைப் பிளாஸ்டிக் தொட்டியில் உட்காரவைத்துக்கொள்வேன். கணவர் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் ஒரு கருவி வாங்கி வந்தார். குழந்தை அழுதால் அது அதிரும் என்றார். அது ஆட்டோ ஹாரனுக்கு அதிர்ந்தது, மிக்ஸிக்கு அதிர்ந்தது, கீழே தண்ணீர் லாரி வந்தால் அதிர்ந்தது. ஒவ்வொரு முறையும் ஓடினேன். சில நாட்களிலேயே அதை நம்பாமல் போனேன். அதைக் கழற்றி வைத்த நாளில் அவள் நிஜமாகவே அழுதிருந்தாள். கன்னத்தில் காய்ந்த கோடுகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

செய்தி கேள்விப்பட்டு என் கணவரின் அக்கா மதுரைப் பக்கம் திருமங்கலத்திலிருந்து வந்தார். நல்ல மனுஷி. பிள்ளைகள் இருவரும் வளர்ந்து வெளியூர் போய்விட்டார்கள். நான்கு நாள் இருந்து எல்லா வேலையும் செய்தார். போகும்முன் என் எதிரில் உட்கார்ந்து, நான் உதட்டைப் படிக்கும்படி மெதுவாகச் சொன்னார்.

"பாப்பாவை நான் வச்சுக்கிறேன்த்தா. ரெண்டு வயசு வரைக்கும். நடக்கட்டும், பேசட்டும். என்ன ஆச்சுன்னு வந்து சொல்ற வயசு வந்ததும் கொண்டாந்து விட்டுர்றேன்."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பே பேசி முடித்துவிட்டார்கள் என்று புரிந்தது.

"மூணு மாசம் குடுங்க மதினி" என்றேன். "அதுக்குள்ள வழி பண்ணிடுவேன்." என்ன வழி என்று எனக்கே தெரியாது.

நாய் என்ற யோசனை, எழுத்து ஓடும் ஒரு வீடியோவிலிருந்து வந்தது. எங்கோ வெளிநாட்டில் ஒரு காது கேளாத பெண்ணின் முழங்காலை ஒரு சின்ன நாய் மூக்கால் தொட்டு, அழுகிற தொட்டில்வரை கூட்டிப்போனது. அதைப் பத்துப் பதினைந்து முறை பார்த்தேன். இங்கே அப்படி யார் கொடுப்பார்கள் என்று தெரிந்த இடத்துக்கெல்லாம் மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் எழுதியவர்கள் இரண்டே பேர். இருவரும் தங்களிடம் இல்லை என்று எழுதினார்கள். மாலையில் கணவரிடம் சொன்னபோது, "நாயா?" என்று மட்டும் கேட்டார். மறுப்பதற்குக்கூட அவரிடம் தெம்பு இல்லை.

குத்தம்பாக்கத்தில் ஓர் அக்கா நாய்களைப் பார்த்துக்கொள்கிறார் என்று எதிர் வீட்டுப் பெண்தான் விசாரித்துச் சொன்னாள். ஊருக்குப் போகிறவர்கள் தங்கள் நாயை அவரிடம் விட்டுப்போவார்கள். புதுப் பேருந்து நிலையம் தாண்டி, வயலாக இருந்த இடத்தில் தகரக் கொட்டகை. குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு பூந்தமல்லி போய், அங்கிருந்து வேறு வண்டி பிடித்துப் போனேன். நாற்பது வயது இருக்கும் அவருக்கு. நைட்டிமேல் ஆண்கள் சட்டை போட்டு, கையில் குழாயோடு தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அவர் பேச்சை உதட்டில் படிப்பது முதலில் முடியவே இல்லை. பேசுவதை எழுத்தாக்கும் செயலியை நீட்டினேன். அவர் "கொயந்தை" என்றால் அது "கொய்யா" என்று எழுதியது. பாதி உதட்டிலும் பாதி போனிலுமாகச் சேர்த்துத்தான் புரிந்துகொண்டேன். போகப்போகப் பழகிவிட்டது. இங்கே அவர் சொன்னவற்றை முழுதாகவே எழுதுகிறேன்.

நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் என் மகளின் விரலைப் பிடித்து, நகம் முளைக்காத இடத்தைப் பார்த்தார்.

"காவலுக்கு நாயி ரெடி பண்ணித் தந்துகீறேன். இது மாரி யாரும் கேட்டதில்லம்மா" என்றார். "முன்ன ஒரு டிரெய்னிங் எடத்துல கூண்டு கயுவுற வேலை. கயுவிக்கினே பாத்துக் கத்துக்கினதுதான். உனுக்கு ஆவுற நாயி கெடைக்குமான்னு தெர்ல. தேடலாம்."

"எப்படித் தெரியும், ஆகுமா ஆகாதான்னு?"

அவர் ஒரு வயதான நாயைக் கூப்பிட்டுத் தன் முன் நிறுத்தினார். பின்னால் ஒரு தட்டைப் போட்டார். நாய் துள்ளித் திரும்பி, தட்டைப் பார்த்து, மோந்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

"பாத்தியா? கேட்ச்சு. இன்னான்னு பாத்துச்சு. அவ்ளோதான். எந்த நாயிக்கும் காது கேக்கும். கேட்டுட்டு உன் மூஞ்சத் திரும்பிப் பாக்குதா? ரெண்டாவது தபா உன்னியப் பாக்குதா? அதான் வோணும். பாக்காத நாயிக்குச் சொல்லிக் குடுக்கலாம், வருசக் கணக்காவும். உனுக்கு மூணு மாசம்தான் கீது."

அந்த இரண்டாவது பார்வையைத் தேடித்தான் அடுத்த ஏழு வாரமும் அலைந்தேன். எனக்குப் பழக்கமான முறையில் ஒரு நோட்டுப் போட்டுக்கொண்டேன். தட்டு விழும் சத்தம், குக்கர் விசில், காலிங் பெல், போனில் பதிவு செய்த என் மகளின் அழுகை. ஒவ்வொன்றுக்கும் நாய் பயந்து ஓடுகிறதா, எவ்வளவு நேரத்தில் தெளிகிறது, சத்தத்தை நோக்கிப் போகிறதா, பிறகு ஆளைப் பார்க்கிறதா. சோதிக்கும் எனக்குச் சத்தம் கேட்காது. ஆகவே கொட்டகை அக்கா நாய்க்குப் பின்னால் நின்று, சத்தம் வரும்போது ஒரு விரலைத் தூக்குவார். நான் நாயின் காதுகளையே பார்ப்பேன். சத்தம் வந்தால் நாயின் காது, அதன் தலைக்கு முன்பே திரும்பும். சத்தம் எப்படி இருக்கும் என்பதை நான் முதல்முறையாகக் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

முதலில் அம்பத்தூரில் ஒரு குடும்பம் கொடுக்க முன்வந்த லாப்ரடார். வாலை ஆட்டிக்கொண்டே இருந்தது. அழுகைச் சத்தத்துக்கு ஒருமுறை தலையைச் சாய்த்துவிட்டு என் செருப்பை நக்கப் போனது. "தங்கமான நாயி. உனுக்கு ஆவாது" என்றார் அக்கா. பிறகு திருமுல்லைவாயலில் ஒரு பொமரேனியன். எல்லாச் சத்தத்துக்கும் ஓடியது, எல்லாவற்றுக்கும் குரைத்தது. என் மணிக்கட்டுக் கருவி போலத்தான் அதுவும். அதோடு, குழந்தை வாலைப் பிடிக்கப் போனபோது பல்லைக் காட்டியது. பட்டாபிராமில் இரண்டு குட்டிகளைப் பார்த்தோம். ஒன்று தட்டுச் சத்தத்துக்குக் கட்டிலடியில் போனது, நாங்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. இன்னொன்று தூங்கிவிட்டது.

ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்து நோட்டில் 'இல்லை' என்று எழுதுவேன். மதினியிடமிருந்து வாரம் ஒரு வீடியோ வரும். தொட்டில் கட்டக் கொக்கி மாட்டிய இடம், புதிதாக அடித்த சுவர், வாசலில் போட்ட தடுப்புக் கம்பி. அவர் அன்பாகத்தான் அனுப்பினார். நான் ஒருமுறைக்கு மேல் பார்க்கமாட்டேன்.

எட்டாவது வாரம் கணவர் வேலையிலிருந்து முகம் மலர வந்தார். கூட வேலை செய்பவருக்கு ஊரிலிருந்து ஒரு ராஜபாளையம் நாய் வந்திருக்கிறதாம். ஒரு வயது. வெள்ளை வெளேரென்று, இளஞ்சிவப்பு மூக்கோடு. குவார்ட்டர்ஸில் வைத்துக்கொள்ள இடமில்லை, யாராவது கேட்டால் கொடுத்துவிடலாம் என்கிறாராம். மறுநாள் மாலையே போனோம்.

அது எழுந்து வந்து என் எதிரில் நின்று என் முகத்தைப் பார்த்தது. அப்படி ஒரு நாயும் என்னைப் பார்த்ததில்லை. நான் கையை அசைத்தால் கையைப் பார்த்தது, புருவத்தைத் தூக்கினால் புருவத்தைப் பார்த்தது. கணவர் அதன் பின்னால் போய் நின்று எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டார். தட்டு சுற்றி விழுந்ததை நான் பார்த்தேன். நாய் அசையவில்லை.

"பயமே இல்ல" என்று கணவர் வாயசைத்தார். "சிங்கம்."

பிறகு என் மகளின் அழுகையைப் போனில் போட்டு நீட்டினார். நாய் அவரிடம் போய்ப் போனை மோந்தது. பிறகு திரும்பி என்னைப் பார்த்தது. இரண்டாவது பார்வை. குழந்தை அதன் காதைப் பிடித்து இழுத்தாள், அது கண்ணை மூடிக்கொண்டு நின்றது. நோட்டில் எல்லாக் கட்டத்திலும் 'ஆம்' எழுதினேன். மூன்று மாதமாக நானும் என் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆட்டோ பேசி நாயைக் குத்தம்பாக்கத்துக்குக் கூட்டிப்போனோம். பயிற்சியைத் தொடங்கிவிடலாம் என்ற நினைப்போடு போனேன். அக்கா நாயைச் சுற்றிவந்து பார்த்தார். பின்னால் போய்க் கைதட்டினார். மறுபடி தட்டினார். விரலைத் தூக்கி எனக்குக் காட்டவில்லை. என் கணவரைக் கொட்டகைக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, இரும்புத் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் போனார்.

அடுத்த நொடி கொட்டகையில் இருந்த அத்தனை நாய்களும் எழுந்தன. கம்பிகள்மேல் முன்னங்காலை வைத்துக்கொண்டு எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக் குரைத்தன. என் இடுப்பில் இருந்த குழந்தையும் அந்தப் பக்கம் திரும்பினாள். வெள்ளை நாய் மட்டும் என் காலடியில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் திரும்பாதது நாங்கள் இரண்டு பேர்தான்.

அக்கா வந்து என் முன்னால் நின்றார். சொல்வதற்கு அவருக்குச் சங்கடமாக இருந்தது. அவர் உதட்டை அசைக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இதுக்குக் காது கேக்கலம்மா" என்றார். "பொறவியிலயே. இந்த வெள்ளைல சிலது அப்டித்தான் பொறக்கும். அதான் உன் மூஞ்சியே பாத்துக்கினு கீது. அதுக்கு வேற இன்னா வயி கீது?"

அன்று குவார்ட்டர்ஸில் என் கணவர் போனை நீட்டிய கையைப் பார்த்துத்தான் அது அவரிடம் போயிருக்கிறது. காது கேட்கும் அவருக்கும் அது தோன்றவில்லை. நம்ப வேண்டும் என்று இருவருக்கும் அவ்வளவு ஆசை.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அது அழுகையாக மாறி, நிற்கவில்லை. எவ்வளவு சத்தமாக அழுதேன் என்று தெரியாது. என் கணவர் உள்ளே ஓடி வந்தார், குழந்தை என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். வெள்ளை நாய் என் முகத்துக்கு இன்னும் அருகில் வந்து, என்ன வேண்டும் என்று கேட்பதுபோல் பார்த்தது.

அதை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். "இது இருக்கட்டும், காது கேக்குற ஒண்ணையும் தேடி ரெண்டையும் வச்சுக்கலாமா?" என்று கணவரிடம் கேட்டேன். அவர் என் கையிலிருந்து நோட்டை வாங்கி மூடினார். எனக்குத் தேவை என்னைப் போலவே ஒன்றல்ல. அது தெரிந்தும், அந்த நாயின் கயிற்றை நானே அக்காவின் கையில் கொடுத்தபோது என்னையே யாரோ தகுதி இல்லை என்று எழுதி ஒதுக்கியதுபோல இருந்தது. சில வாரம் கழித்து அதைத் திருமழிசைப் பக்கம் ஒரு தோட்டத்தில் எடுத்துக்கொண்டார்கள் என்று அக்கா சொன்னார். உண்மையா என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

மூன்று வாரம்தான் மிச்சம் இருந்தது. இனிமேல் குத்தம்பாக்கம் போக வேண்டாம் என்று நினைத்திருந்தபோது அக்காவிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. கொட்டகையில் புதிதாக வந்த ஒரு குட்டி கூண்டுக்குள் கத்துகிறது. பழுப்பு நிறத்தில், ஒரு காது மடிந்த, தெருநாய்க் கலப்பு ஒன்று போய் அந்தக் கூண்டைப் பார்க்கிறது. திரும்பி, வாசலில் உட்கார்ந்து கீரை ஆயும் அக்காவிடம் வந்து அவர் முழங்கையை மூக்கால் இடிக்கிறது. மறுபடி கூண்டுக்கு ஓடுகிறது. மறுபடி வந்து இடிக்கிறது.

மறுநாளே போனேன். அதை ஒரு குடும்பம் பத்து நாளைக்கு என்று விட்டுப்போய், ஒரு வருடமாகத் திரும்பி வரவில்லையாம். மூன்று வயதுப் பெட்டை.

"இத்தனை நாள் ஏன்க்கா இதைச் சொல்லல?" என்று கேட்டேன்.

அவர் வேறு பக்கம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "எனுக்கு இதான் தொணை. நான் குளிக்கப் போனாகூட இது பாத்துக்கும். வுட மனசு வர்ல. அன்னிக்கு நீ அயுதியே, அதுக்கப்பறம் எனுக்கு ராத்திரி சோறு எறங்கல."

தட்டு போட்டார். அது துள்ளியது, தட்டைப் பார்த்தது, அவரைப் பார்த்தது. அழுகையைப் போட்டார். காது முதலில், தலை பிறகு, பிறகு அந்தப் பார்வை. ஆனால் அவரைத்தான் பார்த்தது. என்னை அல்ல. அன்றே அதை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அக்கா ஆட்டோ கிளம்பும்வரை நிற்காமல் உள்ளே போய்விட்டார்.

முதல் வாரம் அது வாசல் கதவருகிலேயே படுத்திருந்தது. நான் கையில் ஊட்டினேன், என் பழைய துப்பட்டாவை அதன் சாக்கில் போட்டேன். எதிர் வீட்டுப் பெண் வந்து உட்கார்ந்து போனில் அழுகையைப் போடுவாள். அது என் முழங்காலைத் தொட்டால் உடனே ஒரு துண்டு முட்டை. இரண்டாம் வாரம் தானாகவே தொட ஆரம்பித்தது. நிஜ அழுகைக்கும் வந்தது. முதல்முறை வந்தபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஈரமான மூக்கு முழங்காலுக்குப் பின்னால் பட்டது. போய்ப் பார்த்தால் குழந்தை பாயில் எழுந்து உட்கார்ந்து என்னைத் தேடிக்கொண்டிருந்தாள், கண்ணீர் இன்னும் கன்னத்துக்கே வரவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றேன்.

ஆனால் எப்போதும் வரவில்லை. கணவர் வீட்டில் இருக்கும் நாட்களில் நான் சமையலறையில் நிற்பேன், அவர் கூடத்தில் உட்கார்ந்து கணக்கெடுப்பார். பத்து அழுகைக்கு ஏழு முறை வந்தது. மூன்று முறை குழந்தையின் பக்கத்திலேயே போய்ப் படுத்துக்கொண்டது. அவளை நக்கிச் சமாதானம் செய்யப் பார்த்தது. நாயின் கணக்குப்படி அது தப்பில்லை.

பத்துக்கு ஏழு. என் வேலையில் அப்படி ஒன்றை வெளியே விடமாட்டேன். ஆனால் இந்த முறை அந்த ஏழை எட்டாக, ஒன்பதாகத் திருத்தி எழுதிவிடலாம் என்று ஒரு மத்தியானம் முழுதும் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். யாருக்குத் தெரியப்போகிறது? மிச்ச மூன்று அழுகையும் எனக்குக் கேட்கப்போவதில்லை. குழந்தை என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த விரலில் நகம் கோணலாக முளைத்திருந்தது. பேனாவை மூடி வைத்தேன்.

மூன்று மாதம் முடிந்து மதினி வந்ததும் நோட்டைக் கொடுத்தேன். அவர் நிதானமாகப் படித்தார். நாயைக் கூப்பிட்டுத் தலையைத் தடவினார்.

"நீ பொய் எழுதியிருந்தா நான் நம்பியிருப்பேன்த்தா" என்றார். நோட்டைத் திருப்பிக் கொடுத்து, "நான் பிடுங்கிட்டுப் போறேன்னு நினைக்காத. இந்த நாய் பத்துக்குப் பத்து வரட்டும். அன்னைக்கே கொண்டாந்து விடுறேன்" என்றார்.

மதினியும் என் மகளும் எழும்பூரில் ரயிலேறினார்கள். நான் பிளாட்பாரத்துக்குப் போகவில்லை. குழந்தையை வீட்டு வாசலிலேயே கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை கணவர் வேலைக்குப் போன பிறகு வீட்டில் நானும் நாயும்தான். அழ யாரும் இல்லாத வீட்டில் அழுகையைச் சொல்லும் நாய். அது ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து என் எதிரில் நின்றது. மூன்று நாள் நான் தலை வாரவில்லை. நாலாவது நாள் மத்தியானம் படுத்திருந்தபோது என் முழங்காலில் மூக்கு பட்டது. விலக்கினேன். மறுபடி பட்டது. வாசல் கதவுக்கு ஓடிப்போய்த் திரும்பி வந்தது. எரிச்சலோடு எழுந்து கதவைத் திறந்தேன். அது நடைபாதையைக் கடந்து எதிர் வீட்டுக் கதவின் முன் நின்று என்னைப் பார்த்தது.

நான் தட்டியதும் அந்தப் பெண் கதவைத் திறந்தாள். தலை கலைந்து, தோளில் வீறிட்டு அழும் கைக்குழந்தையோடு நின்றாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. "காலைலேர்ந்து அழுறாக்கா, எனக்கு முடியல" என்றாள். நான் குழந்தையை வாங்கிக்கொண்டேன். அவள் போய்க் குளித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

அதன்பின் அதுவே வழக்கமானது. காலை அவளுடைய குழந்தை எங்கள் வீட்டில் இருக்கும். அவளுக்குத் தூக்கம் கிடைக்கும், என் நாய்க்கு நிஜ அழுகை கிடைக்கும். இரண்டு வீட்டுக் கதவையும் திறந்துவைத்துக்கொள்வோம், நாய் தவறினால் அவள் ஓடி வருவாள். குத்தம்பாக்கத்து அக்கா வாரம் ஒருநாள் வந்து பார்த்துத் திருத்துவார். நாய் அவரைக் கண்டதும் என்னை மறந்துவிட்டு அவர் மேல் ஏறும். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "போ, உன் ஆளு அங்க கீது" என்று என்னைக் காட்டுவார். படுத்துக்கொள்ளும் பழக்கம் போக இரண்டு மாதம் ஆயிற்று. காலிங் பெல்லுக்கும் விழுகிற பாத்திரத்துக்கும் வரக் கற்றுக்கொண்டது. ஐந்தாவது மாதம், கணவர் மூன்று ஞாயிறு தொடர்ந்து எண்ணிய எண்ணிக்கையில் ஒன்றுகூடத் தவறவில்லை. நோட்டின் பக்கத்தைப் படம் பிடித்து மதினிக்கு அனுப்பினேன். "சனிக்கிழமை வாரோம்" என்று பதில் வந்தது.

என் மகள் நடந்து வந்தாள். ரிப்பன் கட்டி, கொலுசு போட்டு, மதினியின் விரலைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தாள். நான் உட்கார்ந்து கையை நீட்டினேன். அவள் மதினியின் புடவைக்குப் பின்னால் ஒளிந்தாள். மதினிதான் அவளைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டு, தான் அழுதுவிடக் கூடாது என்று பால்கனிக்குப் போனார்.

குழந்தை உடம்பை வில்லாக வளைத்துத் திமிறினாள். வாய் திறந்தது. அவள் பார்வை முழுதும் பால்கனியில்தான். நாய் ஓடி வந்து என் முழங்காலைத் தொட்டது. குழந்தை அழுகிறாள் என்று எனக்குச் சொன்னது.

"தெரியுது" என்றேன்.

அது நம்பவில்லை. மறுபடி தொட்டது. அவள் என் மார்பில் கையை ஊன்றித் தள்ளிக்கொண்டிருந்தாள், நான் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். நாய் தன் வேலையை விடவில்லை. நான் ஏதாவது செய்யும்வரை தொட்டுக்கொண்டே இருப்பது என்றுதான் நாங்கள் அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தோம்.

"தெரியுதும்மா. கேட்டுட்டேன். நீ போ" என்று அதனிடம் சொன்னேன். அது போகவில்லை. அப்போது என் மகள் கீழே குனிந்து, என் முழங்காலை எது இடிக்கிறது என்று பார்த்தாள்.